சிந்தாமணி தந்த இசைவாணர் சி. ஆர். சுப்பராமன்

திருநெல்வேலிச் சீமையிலே பிறந்து, சென்னைப் பட்டணத்திலே புகழெய்தி, 28-ஆம் பிராயத்திலேயே இவ்வுலக வாழ்வை நீத்த ஓர் இசைவாணரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். இச்சீமையின் புலவர்களையும் தேசபக்தர்களையும் பற்றிக் கல்லூரி மலர்களில் கட்டுரைகள் வருவது வழக்கம். சினிமாவுக்குப் பாட்டமைத்த ஒருவரைப் பற்றியும் எழுதவேண்டுமா என்று புருவத்தை நெரிக்கும் பெரியோர் சிலர் இருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்து இதனை வாசிக்க வேண்டுகிறோம். ஏனெனில், சி. ஆர். சுப்பராமனுடைய வாழ்க்கையோடு பிணைந்து நிற்பது ஒரு தனி மனிதரின் புகழ் மாத்திரமன்று. பிற தேசத்து இசையை நாம் எடுத்துக்கொள்ளலாமா, எடுத்துக்கொள்ளின் அது களவாகுமா, கலையாகுமா என்னும் பழைய வழக்கும் அதனோடு பிணைந்து நிற்கிறது.

சுப்பராமன் 1924-ஆம் வருஷம் மே மாதத்தில், அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த சிந்தாமணி என்னும் கிராமத்தில் பிறந்தார். வீட்டில் வழங்கிய மொழி தெலுங்கு. வீதியில் வழங்கிய மொழி தமிழ். நம் பக்கத்துக் கரிசல் நிலத்திலும் மேற்குமலை அடிவாரத்திலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழரோடு தமிழராய் வாழ்ந்து வருவதை யாவரும் அறிவர். இவ்விரு மொழிப் பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. தமிழ்ப் படத்துக்கும் தெலுங்குப் படத்துக்கும் ஒரே காலத்தில் இசையமைத்து, இரு பாஷைகளிலும் சொல்லின் ஓசை குறையாமல் மெட்டை அமைக்க அவரால் இயன்றது.

இந்த ஜில்லா இசையில் எத்தகைய ஜில்லா? நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைக் காட்டி விட்டு நாம் பெருமையோடு நின்றுவிடுகிறோம். பெருமைக்குரிய செய்தி வேறொன்றும் உண்டு. அதனை நம்மில் பலர் நினைப்பதில்லை. முன்னாளில் திருநெல்வேலி ஜில்லாவில் அடங்கியிருந்த எட்டயபுரம் சமஸ்தானத்திலே, பாலுஸ்வாமி தீட்சிதர் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். ஐரோப்பியருடைய பிடில் வாத்தியத்தைக் கற்று, அதனைக் கர்நாடக சங்கீதத்துக்கு இணக்கிக் கொடுத்த முன்னோடி அவரே. அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்திலேயே காலமானார். அவரது சமாதியும் அங்கேயே இருக்கிறது. அம்மகான், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் புனைந்திருக்கிறார். நோட்டுஸ்வரம் என வழங்கும் அப்பாட்டுக்கள் ஏறத்தாழ 40 உள்ளன. ஆங்கில அரசரின் வாழ்த்துப் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவர் செய்ததைக் களவென்று எவரும் கூறத் துணிந்ததில்லை. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

பிடிலுக்குப் பின் வந்தது ஹார்மோனியம். பாரிஸ் நகரில் 1842-ல் உரிமை பெற்ற அவ்வாத்தியம், பாதிரிமார் வழியாகவும் வணிகர் வழியாகவும் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக உருமாறி, பின்னர் நம் நாடக மேடைகளின் முன்னே அமர்ந்துகொண்டது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா எட்டாத ஸ்தாயியில் பாடிச் சபையை மயக்கிய காலத்தில், அவருடைய தமையனார் காசி ஐயர் ஹார்மோனியத்தில் தொடர்ந்து வந்ததைக் கேட்டோர் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தனர். வித்துவான்களுக்கோ அவ்வாத்தியத்தின் மீது வெறுப்பு. கமகம் பேசாது, சுருதிகள் நம்முடையவை அல்ல என்றனர். அகில இந்திய ரேடியோ 1940-ல் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியே விட்டது. அத்தடை 1971 வரையில் நீடித்தது. சுப்பராமன் கைவந்தவராய் விளங்கியது இந்த விலக்கப்பட்ட வாத்தியத்தில்தான்.

இனிச் சற்றுக் கடல் கடந்து செல்லவேண்டும். சுப்பராமன் மூன்று வயதுக் குழந்தையாயிருந்த 1927-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவிலே ‘தி ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் வெளிவந்தது. பெரும்பகுதி ஊமைப் படமேயாயினும், இடையிடையே ஆல் ஜால்சன் என்பார் திரையிலிருந்து பாடினார். அவ்வளவிலே உலகம் மாறிவிட்டது. ‘பிராட்வே மெலடி’ 1929-ல் வந்தது. அடுத்த ஆண்டில் ‘கிங் ஆப் ஜாஸ்’ வர்ணத்தில் வந்தது. 1933-ல் ‘42-வது தெரு’ என்னும் பொருளுடைய பெயரோடு வந்த படத்திலே, பஸ்பி பெர்க்லி என்னும் நடன ஆசிரியர் பல நங்கையரைக் கோலப் புள்ளிகளைப் போல் நிறுத்தி, காமிராவை உச்சியிலே ஏற்றி, மலர் விரிவதும் குவிவதும் போன்ற காட்சிகளைக் காட்டினார். அதே ஆண்டில் வந்த ‘பிளையிங் டவுன் டு ரியோ’ படத்தில், பிரெட் ஆஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் முதன்முறையாக இணைந்து ஆடினர். ஆகாய விமானங்களின் இறக்கைகளின் மேல் நின்று பெண்கள் ஆடும் ஒரு காட்சியும் அதில் உண்டு. கதை எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை! பாட்டு வந்தால் போதும் என்று ஜனங்கள் கொட்டகைகளில் நிரம்பினர்.

அப்பாட்டுக்களில் அப்படி என்ன கவர்ச்சி? ஜாஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே தோன்றிய இசை. அடிமைத்தனத்தின் துயரமும், விடுதலையின் துள்ளலும் அதில் ஒருங்கே ஒலிக்கும். டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன், ஸாக்ஸபோன் முதலிய ஊதுகருவிகள் ஒன்றோடொன்று உரையாடும். அடியில் பெரிய பேஸ் வாத்தியம் நடைபோடும். டிரம் வாசிப்பவர் தாளத்தைக் காப்பார். அதன் உயிரான இரகசியம், அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழாமல், சற்று முன்னரோ பின்னரோ விழுவதாகும். காது எதிர்பார்த்த இடத்தில் அடி இல்லை. எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. அதனால் உடம்பு தானாகவே அசைகிறது. நம் சங்கீதத்தில் அதீதம், அனாகதம் என்று எடுப்பில் இருவகை உண்டல்லவா? இரண்டும் ஒன்றேயென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், தாளத்தோடு ஒளிந்து விளையாடும் அச்சுவையைத் தமிழ்க் காது முன்னமே அறியும் என்பதற்கு அது சான்று. நையாண்டி மேளத்தைக் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிச் சிறுவனுக்கு ஜாஸ் தாளம் முற்றிலும் அந்நியமாய்த் தோன்றியிராது என்பது எம் கருத்து.

டூரிங் டாக்கீஸ் என்னும் கீற்றுக் கொட்டகைகள் ஆற்றங்கரைக் கிராமங்களையும் எட்டிப் பார்த்த காலம் அது. படம் தொடங்குமுன், கொட்டகையின் உச்சியில் கட்டிய குழாயிலிருந்து கிராமபோன் பாட்டு வயல்வெளி கடந்து ஒலிக்கும். அதுவே ஊராருக்கு அழைப்பு மணி. ஹாலிவுட் படங்களையே கண்டிராத உழவனும் அக்குழாய் வழியாகத்தான் மேனாட்டு ஊதுகருவிகளின் ஓசையை முதன்முதலில் கேட்டான். ஆனால் அவ்வோசை தமிழ்ப் பாட்டின் இடையிலே ஒட்டாமல் ஒலித்தால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஒட்டும்படி செய்வதற்கு ஒருவர் வேண்டியிருந்தது.

சுப்பராமன் இளமையிலேயே சென்னைக்குச் சென்று, எச். எம். வி. இசைத்தட்டுக் கம்பெனியின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பயிற்சியே அவர் கலைக்கு அஸ்திவாரம் என்று கொள்ளலாம். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிஷப் பாட்டே அடங்கும். கச்சேரி மேடையில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் ஆலாபனை செய்யும் வித்துவானும், இசைத்தட்டுக்கு வந்தால் மூன்று நிமிஷத்தில் முடித்தாக வேண்டும். தொடக்கத்தில் கேட்பவரை இழுக்கும் ஒரு வாத்திய ஓசை, பல்லவி, சரணங்களுக்கிடையே இளைப்பாற ஒரு சிறு பாலம், பின் முடிவு. இந்தச் சிக்கனத்தை ஹாலிவுட் பாட்டமைப்போரும் இதே இசைத்தட்டிடமிருந்துதான் பயின்றனர். ஆகவே, அமெரிக்கப் படப் பாட்டும் தமிழ்ப் படப் பாட்டும் அளவில் ஒத்திருப்பதற்கு ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது மட்டும் காரணமன்று. இரண்டுக்கும் ஒரே எஜமான் இருந்தான். அவன் பெயர் மெழுகுத் தட்டு!

தமிழில் முதற் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தபோது, அதில் ஏறக்குறைய 50 பாட்டுக்கள் இருந்தன. அக்காலத்து நடிகர் நடித்துக்கொண்டே பாடவேண்டும். ஹார்மோனியமும் பிடிலும் மரத்தின் மறைவிலிருந்து வாசிக்கும். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கச்சாப் பிலிம் பஞ்சம் வந்தது. படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் அடக்கவேண்டுமென்று சர்க்கார் கட்டளை பிறந்தது. பாட்டுக்கள் தாமாகவே குறைந்தன. குறைந்ததால் ஒவ்வொரு பாட்டுக்கும் மதிப்பு ஏறிற்று. அத்துடன், பாடுபவர் ஒருவர், நடிப்பவர் வேறொருவர் என்னும் பின்னணி முறை வேரூன்றியது. பாட்டை முன்னதாகவே பெரிய வாத்தியக் கோஷ்டியோடு பதிவு செய்துகொள்ளலாமென்று ஆனபோது, வாத்தியங்களைச் சேர்க்கத் தெரிந்த இசையமைப்பாளருக்கு வாசல் திறந்தது. அவ்வாசலில் நின்றவர்களுள் ஒருவர் சுப்பராமன். 1943-ல் வெளிவந்த ‘செஞ்சுலட்சுமி’ என்னும் தெலுங்குப் படத்தின் இசைப்பணியில் ஈடுபட்டபோது அவருக்கு வயது 19.

ஹாலிவுட் காற்று அதற்குள் சென்னையில் வீசத் தொடங்கியிருந்தது. 1945-ல் பி. என். ரெட்டி எடுத்த ‘ஸ்வர்க்கசீமா’ படத்தில் பானுமதி பாடிய புறாப் பாட்டு நாடெங்கும் பரவிற்று. ‘பிளட் அண்ட் ஸாண்ட்’ என்னும் ஹாலிவுட் படத்தில் ரீட்டா ஹேவொர்த் தோன்றும் பாட்டின் முனகலே அதற்குத் தூண்டுதல். 1948-ல் ஜெமினி ‘சந்திரலேகா’வில், பேரிகைகளின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடும் காட்சியைக் கண்டோர், பஸ்பி பெர்க்லி தமிழ் நாட்டுக்கே வந்துவிட்டாரோ என்று வியந்திருப்பர். அப்படத்துக்கு இசையமைத்தவர் எஸ். ராஜேஸ்வரராவ். ஆகவே, மேனாட்டு இசையைத் தென்னாட்டுப் படத்துக்குக் கொணர்ந்தவர் சுப்பராமன் ஒருவரே என்று புகழ்வது உண்மைக்கு மாறானது. அவருக்குரிய பெருமை வேறு.

அக்காலத்து ஹாலிவுட் படங்களிலே ஜாஸுக்கு அடுத்தபடி தென்னமெரிக்க நடன இசைக்குப் பெருமோகம் இருந்தது. பிரேசில் நாட்டில் வளர்ந்த கார்மென் மிராண்டா என்னும் பாடகி, தலையிலே கனிகளைக் குவித்த மகுடம் தரித்து, 1940-ல் ‘டவுன் அர்ஜென்டைன் வே’ படத்திலும், பின்னர் வேறு பல படங்களிலும் தோன்றி உலகத்தைச் சிரிக்கவும் ஆடவும் வைத்தார். ஸாம்பா, ரும்பா என்னும் அந்நடனத் தாளங்களைத் தெலுங்கு, தமிழ்ப் படங்களில் துணிந்து கையாண்டவர் சுப்பராமன். அத்தாளங்களுள் பலவற்றுக்கு அடிப்படையாய் இருப்பது, எட்டு மாத்திரையை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் ஒரு கட்டு. மிருதங்கம் பயின்ற மாணவர் யாரையேனும் கேளுங்கள். தகிட தகிட தக என்று உடனே சொல்லிக் காட்டுவார். ஆதி தாளத்தின் எட்டுக்குள் அது அலுங்காமல் அமர்ந்துவிடும். கூபா, பிரேசில் நாட்டார் குலுக்கும் விதைச் சுரைக்காயும் நம் குழந்தைகளின் கிலுகிலுப்பையும் உடன்பிறப்புக்களே. மேலே ஓர் இந்திய ராகத்தின் சாயல், கீழே தென்னமெரிக்கத் தாளம், இடையே கிளாரினெட்டும் பிடிலும். இவ்வாறு அடுக்கியதில்தான் அவருடைய கைத்திறன் இருந்தது.

எல்லாப் பாட்டுக்களும் இவ்வாறு அமைந்தன என்று கூறினால் நாம் வரலாறு எழுதியவராகோம், முகமன் எழுதியவராவோம். முதலாளி ஒரு மேனாட்டு இசைத்தட்டைக் கையில் கொடுத்து, இதைப்போல் வேண்டும் என்று கேட்பது அக்காலத்துப் பட உலகின் சாதாரண வழக்கம். அக்காலத்துப் படங்களிலே அந்நிய மெட்டு அப்படியே வந்து, தமிழ்ச் சொற்கள் அதன்மேல் ஆணியடித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டுக்களுக்குக் குறைவில்லை. சுப்பராமனும் அவ்வழக்கத்துக்கு முற்றிலும் புறம்பானவர் அல்லர். அத்தகைய பாட்டுக்களை இன்று பாடுவோர் அரியர். சங்கீத விமரிசகர்கள் அவற்றைக் கண்டு சினந்ததில் நியாயம் இல்லாமற் போகவில்லை. அவர்கள் செய்த பிழை, நல்லதையும் அல்லதையும் ஒரே கூடையில் போட்டு எறிந்ததுதான்.

போர் முடிந்தபின் அவருக்கு வேலை மலைபோல் குவிந்தது. என். எஸ். கிருஷ்ணன் குழுவினரின் ‘பைத்தியக்காரன்’ 1947-ல் வந்தது. அதற்கு எம். எஸ். ஞானமணியோடு சேர்ந்து இசையமைத்தார். சிறை மீண்ட தியாகராஜ பாகவதர் நடித்துப் பூனாவில் எடுக்கப்பட்ட ‘ராஜமுக்தி’ 1948-ல் வெளியாயிற்று. படம் ஓடவில்லை. ஆயினும், எம். எல். வசந்தகுமாரி என்னும் இளம் பாடகியைப் பின்னணிப் பாட்டுக்கு அறிமுகம் செய்த பேறு அப்படத்துக்கு உண்டு. பானுமதியும் அவர் கணவர் ராமகிருஷ்ணாவும் நிறுவிய பரணி பிக்சர்ஸாரின் முதற் படமான ‘ரத்னமாலா’வுக்கும், 1949-ல் வந்த ‘லைலா மஜ்னு’வுக்கும் சுப்பராமனே இசை. பின்னதில் அரபு நாட்டுப் பாலைவனத்தைக் காதாலேயே காணும்படி செய்தார் என்று சொல்லலாம்.

கோவையைச் சார்ந்த ஜூபிடர் படங்களில் அவர் எஸ். எம். சுப்பையா நாயுடுவோடு இணைந்து பணியாற்றியது தனியே குறிப்பிடத்தக்கது. சுப்பையா நாயுடு கடையநல்லூரில் பிறந்தவர். ஆக, ஒரே ஜில்லாவைச் சேர்ந்த இருவர் ஒரே படத்தின் பெயர்ப் பட்டியலில்! ‘அபிமன்யு’, ‘மோகினி’, ‘கன்னியின் காதலி’, ‘வேலைக்காரி’, ‘மர்மயோகி’ ஆகியவை இவ்விருவரின் கூட்டுப் பணியாகும். இவற்றுள் ‘கன்னியின் காதலி’ ஷேக்ஸ்பியருடைய ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தைத் தழுவியது. கவிஞர் கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய முதற் பாட்டு அப்படத்தில்தான் இடம்பெற்றது. ஆங்கில இலக்கிய வகுப்பில் அந்நாடகத்தைக் கற்கும் மாணவ நண்பர்கள் ஒருமுறை அப்படத்தையும் கண்டால், பாடம் சுவைக்கும்.

அதே 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்னும் 1936-ஆம் வருஷத்து ஹாலிவுட் படத்தின் கதையைத் தழுவி அண்ணாதுரை எழுதியது அது. கதை அமெரிக்கா, கதாநாயகர் நாகர்கோவில் என். எஸ். கிருஷ்ணன், இசை சுப்பராமன். ஹாலிவுட் கதையென்றால் ஹாலிவுட் பாட்டே நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். அப்படத்தில் இன்றளவும் பேசப்படுவது ‘கிந்தனார்’ காலட்சேபம். நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தின் அச்சிலேயே வார்த்து, சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனுக்குப் பதிலாகப் பள்ளிப் படிப்புக்கு ஏங்கும் கிந்தனைப் படைத்து, அவனை ரயிலேற்றிப் பட்டணத்துக்கு அனுப்புகிறார்கள். உடுமலை நாராயண கவியின் ஆக்கம் அது. பழைய காலட்சேப முறையின் இலக்கணம் பிசகாமல் இருந்ததனாலேயே அதன் நையாண்டி கூர்மையாய்த் தைத்தது. ஸாம்பா தாளம் தெரிந்த இசையமைப்பாளரின் படத்திலே, காலட்சேபத்தின் ஜாலராவுக்கும் உரிய இடம் கிடைத்தது. எங்கே எது வேண்டும் என்பதை அறிவதும், எது வேண்டாம் என்பதை அறிவதும் ஒரே அறிவின் இரு பக்கம்.

இனி, அவர் படைப்புக்களில் எமக்கு மிகவும் உவப்பானதைச் சொல்கிறோம். 1951-ல் என். எஸ். கிருஷ்ணன் இயக்கி வெளிவந்த ‘மணமகள்’ படத்தில், பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’ இடம்பெற்றது. எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கலாசாலையில் பயின்ற பாரதியார், அப்பாட்டைப் பைரவி ராகத்தில் பாடக் குறித்திருந்தார். சுப்பராமன் அதனை ராகமாலிகையாக மாற்றினார். காபியிலே தொடங்கி, சரணத்துக்குச் சரணம் ராகம் மாறிச் செல்கிறது. குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குத் தாவுவது போலவே இருக்கிறது. எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினர். ஜாஸ் இல்லை, ரும்பா இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்று நிமிஷ இசைத்தட்டில் பெற்ற பயிற்சி அங்கே இருக்கிறது. ஒவ்வொரு ராகமும் தன் முகத்தைக் காட்டி, அலுப்புத் தட்டுமுன் விலகுகிறது. பிற்காலத்தில் கச்சேரி மேடைகளிலும் அவ்வமைப்பிலேயே அப்பாட்டைப் பாடலாயினர். சினிமாவிலிருந்து கச்சேரிக்கு ஒரு பாட்டு ஏறிச் செல்வது எளிதில் நிகழும் காரியமன்று. மேனாட்டு மோகத்தால் நம் சங்கீதத்தைக் கெடுத்தவர் என்று சுப்பராமன் மீது குற்றஞ் சாட்டுவோருக்கு இவ்வொரு பாட்டே விடையாகும்.

அவருடைய குழு ஒரு பாடசாலையாகவே விளங்கிற்று. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த டி. கே. ராமமூர்த்தி பிடில் வாசித்தார். கோவையில் சுப்பையா நாயுடுவிடம் பணிபுரிந்த எம். எஸ். விசுவநாதன் சென்னைக்கு வந்து ஹார்மோனியத்தோடு சுப்பராமனிடம் சேர்ந்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் வயதில் சில ஆண்டுகளே வேற்றுமை. ராமமூர்த்தியோ ஆசிரியரைவிட மூத்தவர். அவ்வறையில் கற்ற பாடம் என்னவென்பது, பின்னர் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் தமிழ்ச் சினிமாவில் ஒலித்த விசுவநாதன்–ராமமூர்த்தி பாட்டுக்களைக் கேட்டால் விளங்கும். பாங்கோவும், பியானோவும், ஊதுகருவிகளும் நம் ராகங்களோடு கலகலவென்று பேசிச் சிரிக்கும் அப்பாட்டுக்களுக்கு வித்திட்டவர் சிந்தாமணிக்காரரே.

பிறருடைய படங்களுக்கு உழைப்பதோடு அவர் அமையவில்லை. டி. எல். நாராயணா, வேதாந்தம் ராகவய்யா, சமுத்ராலா ஆகியோருடன் கூடி வினோதா பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். சரத் சந்திரருடைய ‘தேவதாஸ்’ நாவலைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்க அந்நிறுவனம் முனைந்தது. நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடிக்க, கண்டசாலா பாட ஏற்பாடாயிற்று. வேலை பாதியில் நின்றபோது, 1952-ஆம் வருஷம் ஜூன் மாதம் 27-ஆம் தேதி சுப்பராமன் திடீரெனக் காலமானார். ‘தேவதாஸ்’ மாத்திரமன்று, பரணியாரின் ‘சண்டிராணி’, ‘மருமகள்’ முதலிய படங்களும் அவர் மேஜையின்மேல் முடியாமற் கிடந்தன. சுமார் பத்து ஆண்டுகளுக்குள் ஒரு மனிதர் எவ்வளவு வேலையை ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. பட உலகம் ஓர் இளைஞனிடம் திறமையைக் கண்டுவிட்டால், அவனை உறங்க விடுவதில்லை.

அவ்வாண்டிலேயே பி. வி. கேஸ்கர் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு, குறிப்பாக மேனாட்டு மெட்டுக் கலந்த சினிமாப் பாட்டு, ஜனங்களின் இரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கொள்கை. அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டின் நேரம் சுருங்கி, ஏறத்தாழ நின்றே போயிற்று. ஜனங்கள் அதனால் சாஸ்திரீய சங்கீதத்தின் பக்கம் திரும்பினரா? இல்லை; ரேடியோப் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். தாமிரவருணி கடலோடு கலக்கும் கரைக்கு எதிர்க்கரையாகிய இலங்கையிலிருந்து அப்பாட்டுக்கள் நம் வீடுகளுக்குத் தெளிவாக வந்து சேர்ந்தன. பிறந்த ஜில்லாவின் காற்றிலே சுப்பராமனுடைய மெட்டுக்கள் அயல் நாட்டு நிலையத்தின் வழியாக மிதந்து வந்த விந்தையை என்னென்று சொல்வது!

முடியாமற் கிடந்த வேலைகளை மாணவர் இருவரும் ஏற்றுக்கொண்டனர். ‘தேவதாஸ்’ படத்தில் எஞ்சியிருந்த பாட்டுக்களையும் பின்னணி இசையையும் ஆசிரியரின் பாணி வழுவாமல் முடித்துக் கொடுத்தனர். இவர்களுடைய திறமையைக் கண்ட என். எஸ். கிருஷ்ணன், வடநாட்டில் சங்கர்–ஜெய்கிஷன் இணைந்திருப்பது போல நீங்களும் இணைந்திருக்கலாமே என்னும் கருத்தைக் கூறி, தாம் இயக்கிய ‘பணம்’ படத்தில் இருவர் பெயரையும் சேர்த்தே வெளியிடச் செய்தார். 1952 டிசம்பரில் அப்படம் வந்தது. சுப்பராமனின் தம்பி சங்கரும் பின்னாளில் கணேஷ் என்பவரோடு இணைந்து, சங்கர்–கணேஷ் என்னும் பெயரில் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார்.

தெலுங்கு ‘தேவதாசு’ 1953-ஆம் வருஷம் ஜூன் 26-ஆம் தேதி வெளியாயிற்று. மறுநாள் சுப்பராமனுடைய முதல் ஆண்டு நினைவு நாள். தமிழ்ப் படம் செப்டம்பரில் வந்தது; கண்டசாலாவின் குரலில் அப்பாட்டுக்கள் நம் ஜில்லாவின் கீற்றுக் கொட்டகைகளின் உச்சிக் குழாய்களிலிருந்து அந்திதோறும் வயல்களின் மேலே ஒலித்தன.